வாஷிங் மெஷினுக்குப் பின்னால்

அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் என் இடது முழங்காலும் மாடித் தொட்டியின் ஒழுகலும் இருந்தபடியே இருக்கிறோம், மூன்றில் எதுவும் மோசமாகவில்லை. அங்கே நீயும் உன் வீட்டுக்காரியும் குட்டியும் நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன், நன்றாக இல்லாவிட்டாலும் நீ சொல்லப்போவதில்லை, அதனால் நம்பிக்கொள்வதில் எனக்கு ஒரு சிரமமும் இல்லை. கையெழுத்துப் போட்டாச்சா, கையெழுத்துப் போட்டாச்சா என்று நாலு நாளாகப் போனில் மெசேஜ் அனுப்பிக்கொண்டே இருக்கிறாய். இங்கே நம் வீட்டை வாங்க வந்தவர் காத்திருக்கிறார், புதன்கிழமைக்குள் முடிக்காவிட்டால் வேறு வீடு பார்த்துவிடுவார், அது முடிந்தால்தான் எனக்கு அங்கே வர டிக்கெட் போட முடியும் என்பதையெல்லாம் படித்தேன், வேலையாக இருக்கிறேன் என்று மட்டும் பதில் போட்டேன். சரியான பதில் இந்தக் கடிதத்தில் இருக்கிறது. இது உன் கைக்கு வரும்போது அந்தப் புதன்கிழமை போய் ஒரு வாரம் ஆகியிருக்கும். போனில் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய், காகிதத்தின் குறுக்கே பேச முடியாது, அதற்காகத்தான் பேனாவை எடுத்தேன். கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டாதே, சின்ன வயதில் கதைப் புத்தகத்தை அப்படித்தான் படிப்பாய், உன் அப்பாவிடம் குட்டும் வாங்குவாய்.

முதலில் உனக்குத் தெரியாத செய்தி ஒன்று. மூன்று மாதமாக நான் இங்கிலீஷ் வகுப்புக்குப் போகிறேன். குட்டிக்காகத்தான் சேர்ந்தேன். ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் வந்தால் அவளுக்கும் எனக்கும் ஒரே ஒரு விளையாட்டுதான், அந்தச் சாம்பல் நிறத் துணி முயலை எங்கேயாவது ஒளித்துவைத்துவிட்டு அது எங்கே என்று கேட்பாள். எனக்கு அது கட்டிலுக்கு அடியில் இருப்பது தெரியும், சொல்லத் தெரியாது. ஒருமுறை இன் த கட்டில் என்று சொன்னேன், குட்டி சிரித்தாள், அவள் குழந்தை, சிரிக்கட்டும். உன் வீட்டுக்காரி பின்னால் நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், அவளும் சிரிக்கட்டும் என்று விட்டேன். நீயும் சிரித்தாய். ஆஸ்பத்திரி பேஸ்மென்ட்டில் இருந்த ரெக்கார்ட் ரூமில் முப்பது வருஷம் இருந்தவள் நான். டாக்டர் மேலேயிருந்து போன் செய்தால் மூன்றாவது அலமாரி, இரண்டாவது தட்டு, இடது ஓரம் என்று கண்ணை மூடிக்கொண்டு கை நீட்டி எடுப்பேன், இரண்டு நிமிஷத்தில் ஃபைல் மாடிக்குப் போய்விடும். என் கையில் வந்த எதுவும் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் போனதே கிடையாது. ஒரு பொம்மை முயல் இருக்கிற இடத்தைச் சொல்லத் தெரியாமல் மூன்று பேர் சிரிக்க உட்கார்ந்திருந்தது எனக்கு உறைத்தது. மறுநாளே போய்ச் சேர்ந்தேன். உங்களிடம் வந்து இறங்கியதும் குட்டியிடம் கடகடவென்று பேசி உன்னைத் திகைக்க வைக்கலாம் என்று நினைத்துத்தான் சொல்லவில்லை. எனக்கும் ஆசை என்று ஒன்று இருக்காதா.

வகுப்பு டயர் கடைக்கு மேல் மாடியில், ஏறி முடிப்பதற்குள் ரப்பர் வாசனை தலைவலியைக் கொண்டுவந்துவிடும். எங்கள் டீச்சருக்கு இருபத்தாறு வயதிருக்கும், கையில் எப்போதும் ஓரடி மர ஸ்கேல் வைத்திருப்பாள், அதனால் ஸ்கேல் என்றுதான் எல்லோரும் சொல்வோம், அவளுக்கும் தெரியும், கவலைப்படமாட்டாள். இரக்கம் என்பதைக் கடன் வாங்கக்கூட எங்கும் போகாத பெண். சேர்ந்த அன்றைக்கே என்னைப் பார்த்து அஞ்சுல வளையாதது அம்பதுல வளையுமா, உங்களுக்கு அறுபதுக்கு மேல இருக்கும்போல என்று எல்லோர் முன்னாலும் கேட்டாள். நம் பேச்சில் ஒரு ல போட்டால் போதும், வீட்ல, மேஜைல, பஸ் ஸ்டாப்ல, எல்லாம் அடங்கிவிடும். இங்கிலீஷில் அப்படி இல்லை, வீட்டுக்கு இன், மேஜைக்கு ஆன், பஸ் ஸ்டாப்புக்கு அட், ஒன்றை எடுத்து மற்றதில் மாட்டக் கூடாது. இதைப் பழக்க அவள் ஒரு வழி வைத்திருக்கிறாள். ஒரு பொருளைக் காட்டி எங்கே இருக்கிறது என்று கேட்பாள், தப்பாகச் சொன்னால் திருத்தமாட்டாள், நாம் எந்த இடத்தைச் சொன்னோமோ அந்த இடத்துக்கே போய் வகுப்பு முடியும்வரை இருக்க வேண்டும். வெளிநாட்டு வேலைக்குப் போக இருக்கிற ஒரு பிளம்பர் என் பக்கத்தில் உட்காருவார், பலகைமேல் இருந்த டஸ்டரை அலமாரிக்குள் என்று உளறியதற்கு அவரை அலமாரிக்குள் நிற்க வைத்தாள், நல்ல உயரமான ஆள், கழுத்தை மடக்கிக்கொண்டு நின்றார். நான் மேஜைமேல் இருந்த பையை அண்டர் என்று சொல்லிவிட்டேன். இந்த முழங்காலோடு மேஜைக்கு அடியில் போய் உட்கார்ந்தேன். நாற்பது நிமிஷம். என்னைச் சுற்றி செருப்பும் பாதமும்தான், மேஜைப் பலகைக்கு அடியில் யாரோ ஒட்டிவிட்டுப் போன சூயிங்கம் தலைமுடியில் பட்டது, மேலே ஸ்கேல் பாடம் நடத்திக்கொண்டே என் தலைக்கு நேராக மேஜையைத் தட்டிக்கொண்டிருந்தாள். பிளம்பர் யாருக்கும் தெரியாமல் துண்டை மடித்துக் காலால் என் பக்கம் தள்ளினார், முழங்காலுக்கு வைத்துக்கொண்டேன். அழுகை வந்தது, அழவில்லை. ஆனால் அன்றைக்குப் பிறகு அண்டர் எனக்குத் தப்பியதில்லை. ஆனும் பிஹைண்டும் பிசைடும் நியரும் அதே மாதிரிதான் வந்தன, ஒவ்வொன்றுக்கும் ஒரு மூலையில் நின்றிருக்கிறேன். மற்றபடி எனக்கு இங்கிலீஷ் தெரியாது. நேற்றைக்கு என்ன நடந்தது, நாளைக்கு என்ன நடக்கும் என்பதெல்லாம் அடுத்த பாடம். எது எங்கே இருக்கிறது என்பது மட்டும் தெரியும்.

இப்போது போன ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். காலையில் வீடியோவில் வந்தீர்கள். கொஞ்ச நேரம் என்னிடம் பேசிவிட்டு போனைத் தண்ணீர் ஜாடிமேல் சாய்த்துவைத்து குட்டியை என் முன்னால் உட்கார வைத்துவிட்டு நீங்கள் இரண்டு பேரும் அவளுக்குப் பின்னால் பாத்திரம் துடைக்கப் போனீர்கள். எனக்குத் தெரியக் கூடாதது வந்தால் நீங்கள் இரண்டு பேரும் இங்கிலீஷுக்குப் போவது புதிதில்லை, வழக்கம்தான், என் எதிரிலேயே போவீர்கள், கதவைச் சாத்துகிற மாதிரி. பகலில் பக்கம் பார்த்துப் பேசு என்று உனக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பேன். பக்கம் பார்த்தாய், அம்மாதானே என்று விட்டுவிட்டாய். உன் வீட்டுக்காரி உன்னிடம், அம்மாவுக்கு எங்கே என்று ஒரு கேள்வி கேட்டாள், அந்தக் கேள்வி எனக்குத் தெரியும், தினமும் ஸ்கேல் கேட்பதுதான். நீ பிஹைண்ட் த வாஷிங் மெஷின் என்றாய். கராஜ் என்றாய், பெட் என்றாய், கர்ட்டன் என்றாய். அவள் அதில் ஜன்னல் இல்லையே என்றாள். நீ சிரித்துக்கொண்டே பேஸ்மென்ட் என்று தொடங்கி ஏதோ சொன்னாய், அவளும் சிரித்தாள். பிறகு குட்டியைப் பார்த்துக்கொள்ள வருகிற பெண்ணை நிறுத்திவிடலாம் என்பதுபோல் ஏதோ, பிறகு வீடு விற்ற பிறகு என்று ஏதோ, பிறகு ஓல்ட் ஏஜ் ஹோம், நியர் த ஹைவே, அட் த லாஸ்ட் ஸ்டாப். இடம் சொல்கிற சொற்களெல்லாம் என் பாடத்தில் உள்ளவை, ஒன்றுகூட விடாமல் வந்து விழுந்தன. நீ துணியைப் பிழிந்து காயப்போட்டுவிட்டுத் திரும்பி வந்து அம்மா, உனக்காக ரூம் ரெடி பண்ணிட்டிருக்கோம்மா என்று சொன்னாய். நல்லதுப்பா என்று சொன்னேன். என் மடியில் வகுப்பு நோட்டு இருந்தது, காதில் விழுந்ததையெல்லாம் நம் எழுத்தில் கிறுக்கி வைத்திருந்தேன். புரியாத அந்த ஒரு வாக்கியத்தையும் சத்தம் எப்படிக் கேட்டதோ அப்படியே எழுதி வைத்திருந்தேன்.

போனை வைத்ததும் எனக்கு உன்மேல் கோபம் வரவில்லை, அதைச் சொல்லிவிடுகிறேன், முதலில் வந்தது ஒரு பழைய ஞாபகம். உனக்குத் தெரியக் கூடாததை நானும் உன் அப்பாவும் ஒவ்வொரு எழுத்துக்கும் முன்னால் க சேர்த்துப் பேசிக்கொள்வோமே, உனக்கு எட்டு வயதில். அந்தப் பாஷையில்தான் உன்னை ஹாஸ்டலில் விடுவது என்று முடிவு செய்தோம், நீ சாப்பிட்டுக்கொண்டிருந்தாய், தலையை நிமிர்த்தவே இல்லை. மறுநாள் காலையில் பார்த்தால் பரண்மேல் இருந்த தகரப் பெட்டியை நீயே ஸ்டூல் போட்டு இறக்கித் துடைத்து உன் சட்டைகளை மடித்து வைத்துக்கொண்டிருந்தாய். எங்கள் பாஷையை எப்போது கற்றாய் என்று நாங்கள் கேட்கவில்லை, நீயும் சொல்லவில்லை. என் படுக்கை எங்கேம்மா இருக்கும் என்று மட்டும் கேட்டாய். ஜன்னல் பக்கத்துல என்று சொன்னேன். போய்ப் பார்த்தால் குளியலறைக் கதவை ஒட்டிப் போட்டிருந்தார்கள், வார்டனிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், எனக்கு இரண்டரை மணிக்கு டியூட்டி இருந்தது, திரும்பி வந்துவிட்டேன். அது தப்பு. முப்பத்திரண்டு வருஷம் கழித்து எழுதுகிறேன், அது தப்பு. அதற்குப் பதிலடியாக நீ இதைச் செய்கிறாய் என்று நினைத்தால்கூட எனக்கு ஆறுதலாக இருக்கும், ஒரு பிள்ளைக்கு அம்மாமேல் அவ்வளவு நாள் கோபம் இருந்தால் அதிலும் ஒரு பிடிப்பு இருக்கிறது. ஆனால் நீ சிரித்ததைப் பார்த்தேன். கோபக்காரன் அப்படிச் சிரிக்கமாட்டான். இடத்தை மிச்சம் பிடித்தவன்தான் அப்படிச் சிரிப்பான்.

திங்கட்கிழமை நோட்டை எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போனேன். பக்கத்து வீட்டில் ஒருவருக்கு வந்த மெசேஜ், அர்த்தம் சொல்லுங்கள் என்று ஸ்கேலிடம் காட்டினேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதைதான். அவள் படித்தாள், ரொம்ப நல்லாருக்கே, இன்னிக்கு இதுதான் பாடம் என்று கரும்பலகையில் பெரிதாக ஒரு வீடு வரைந்தாள். கராஜ் போட்டாள், வாஷிங் மெஷின் போட்டாள், கொஞ்சம் தள்ளி ரோடு போட்டு அதன் கோடியில் ஒரு பெட்டி போட்டு முதியோர் இல்லம் என்று எழுதினாள். ஒவ்வொருவரையும் எழுப்பி அம்மா எங்கே என்று கேட்டாள். ஒருவர் வாஷிங் மெஷின்மேல் என்றார், வகுப்பே சிரித்தது. நர்ஸ் பரீட்சைக்குப் படிக்கிற பெண் சரியாகப் பின்னால் என்றாள், ஸ்கேல் அங்கே ஒரு பெருக்கல் குறி போட்டாள். ஒரு சின்னக் குறி, மெஷினுக்கும் சுவருக்கும் நடுவில். அதுதான் நான். பிறகு நான் எழுதி வைத்திருந்த அந்தப் புரியாத வாக்கியத்தை வாய்விட்டுப் படித்துச் சொன்னாள், ஜன்னல் இல்லேன்னா என்ன, முப்பது வருஷம் பேஸ்மென்ட்ல உட்கார்ந்தவதானே, அவளுக்கு அது பழகிப்போச்சு, இதான் அர்த்தம், நல்ல பிள்ளை என்று. எல்லோரும் இன்னொரு தரம் சிரித்தார்கள். பிளம்பர் மட்டும் என்னைப் பார்த்தார். நான் எங்கே வேலை பார்த்தேன் என்று அவரிடம் ஒருநாள் சொல்லியிருக்கிறேன்.

அப்போது ஸ்கேல் என்னை எழுப்பினாள். நீங்க சொல்லுங்க, அம்மா எங்கே என்று கேட்டாள். எழுந்து நின்றேன். அந்த ரெக்கார்ட் ரூமில் உட்கார்ந்து வந்த சம்பளத்தில் நீ படித்தாய் என்பதைச் சொல்லிக்காட்டுவது என் வழக்கம் இல்லை, இன்றைக்கும் சொல்லவில்லை, எழுதத்தான் செய்கிறேன். அவுட்சைட் த ஹவுஸ் என்றேன். தப்பு, நல்லா பாத்துச் சொல்லுங்க என்றாள். பார்த்துத்தான் சொல்கிறேன், வீட்டுக்கு வெளியே என்றேன். பலகையில் போட்ட பெருக்கல் குறியையும் என்னையும் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன், புரிந்தால் விட்டுவிடுகிற பெண்ணா அவள். ரூல் தெரியுமில்ல, சொன்ன இடத்துல போய் நில்லுங்க என்று ஸ்கேலைக் கதவுப் பக்கம் நீட்டினாள். பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். படியிறங்கி டயர் கடை வாசலில் நின்றேன். வெயில், லாரி, போகிறவர் வருகிறவர், என்னை யாரும் பார்க்கவில்லை. அறுபத்தோரு வயதில் முதல்முறையாக எனக்கென்று யாரும் ஓர் இடம் சொல்லாமல் தெருவில் நிற்கிறேன், அவமானமாக இருக்க வேண்டும், இல்லை. நாலு கடை தள்ளி நம் வீட்டு விற்பனையைப் பார்க்கிற புரோக்கர் ஆபீஸ். நடந்துபோய் உள்ளே உட்கார்ந்து பத்திரத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்றேன். பையனைக் கேட்டுக்கலாமே என்றார். வீடு என் பேரில் இருக்கிறது, பையன் உங்கள் போனில்தான் இருக்கிறான் என்றேன். டீ வரவழைத்தார், பத்திரத்தைக் கொடுத்தார், டீயைக் குடிக்காமல் வந்துவிட்டேன். ஆகவே நீ கேட்டதற்குப் பதில் இதுதான், கையெழுத்துப் போடவில்லை, போடப்போவதும் இல்லை.

பாக்கிச் செய்தியையும் சொல்லிவிடுகிறேன். டயர் கடைக்காரர் ஸ்கேலை மாடியைக் காலி செய்யச் சொல்லி ரொம்ப நாளாக விரட்டிக்கொண்டிருந்தார். நம் வீட்டில் உன் அறை சும்மாதானே கிடக்கிறது, அதை அவளுக்கு வாடகைக்குக் கொடுத்துவிட்டேன். நேற்று முதல் வகுப்பு அங்கேதான், உன் கட்டில் இருந்த இடத்தில் அந்த நீள மேஜை, உன் அலமாரியில்தான் இனிமேல் தப்புச் சொன்னவர்கள் நிற்பார்கள். உன் மெடல்களையும் ஹாஸ்டல் தகரப் பெட்டியையும் பரண்மேல் போட்டுவிட்டேன். உங்கள் ஊரில் குளிருமே என்று எனக்காக வாங்கி வைத்திருந்த கம்பளிக் கோட்டைப் பிளம்பருக்குக் கொடுத்தேன், கை கொஞ்சம் குட்டை, மற்றபடி பொருந்துகிறது, அடுத்த மாதம் கிளம்புகிறார், போட்டுக்கொண்டு வந்து காட்டிவிட்டுப் போனார். நீங்கள் எப்போதாவது இங்கே வருவதென்றால் தாராளமாக வரலாம், இது உன் வீடு இல்லை என்று நான் சொல்லமாட்டேன். குட்டியும் அவள் அம்மாவும் என்னோடு என் அறையில் படுத்துக்கொள்வார்கள். உனக்கு மாடிப்படிக்கு அடியில் தண்ணீர் மோட்டார் பக்கத்தில் ஒரு பாய் போடுகிறேன். ஜன்னல் கிடையாது. குளியலறைக் கதவை ஒட்டி ஏழு வருஷம் படுத்தவன்தானே, உனக்கு அது பழகிப்போயிருக்கும். இந்த வரியை எழுதிவிட்டு அரைமணி நேரம் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். வலிக்கிறது, உனக்கு வலிக்கும் என்றும் தெரியும், அடித்துவிடலாமா என்று யோசித்தேன். அடிக்கவில்லை. தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள், இடமும் வேறு என்று சேர்த்துக்கொள்.

உன் வீட்டுக்காரியிடம் என்மேல் வருத்தம் வேண்டாம் என்று சொல், ஜன்னல் இல்லையே என்று ஒரு வார்த்தையாவது கேட்டவள் அவள்தான், நீ அதுகூடக் கேட்கவில்லை. வேளைக்குச் சாப்பிடு, வண்டியை வேகமாக ஓட்டாதே, இடுப்பு வலிக்கு அந்தத் தைலத்தை விடாமல் தேய். நீ நூறு வயது இருக்க வேண்டும், குட்டி நன்றாக வளர வேண்டும், வயதான காலத்தில் உன் மகள் உன்னைக் காற்று வருகிற அறையில் வைத்துக்கொள்ள வேண்டும், மனதாரச் சொல்கிறேன்.

மறக்காமல் குட்டியிடம் ஒன்று சொல்லிவிடு. அந்த ஞாயிற்றுக்கிழமை முயல் எங்கே என்று அவள் திரும்பத் திரும்பக் கேட்டபோது தெரியலையே தெரியலையே என்று நான் கையை விரித்தேன், பாட்டி தோத்துட்டாள் என்று குதித்தாள். முயல் திரைச்சீலைக்குப் பின்னால் இருந்தது, பிஹைண்ட் த கர்ட்டன், ஒரு காது வெளியே தெரிந்துகொண்டிருந்தது. முதல் கேள்வியிலேயே பார்த்துவிட்டேன். பதில் சொல்லியிருந்தால் பாட்டிக்கு இங்கிலீஷ் வந்துவிட்டது என்று அவள் கத்தியிருப்பாள், நீங்கள் பேச்சை நிறுத்தியிருப்பீர்கள்.

நாலு நாளாகக் கேட்ட கையெழுத்து கீழே இருக்கிறது,
உன் அம்மா